மயிலாடிக்குக் கொண்டுபோன ஆட்டுரல்

பெயர் தாணம்மாள். வயது 60. கணவர் பெயர் சுயம்புலிங்கம். தொழில், அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு; சென்ற மே மாதம் 31-ஆம் தேதி ஓய்வு. முன்பு குடியிருந்த இடம் கீரிப்பாறை தோட்டக் குடியிருப்பு. இப்போதைய முகவரி மயிலாடி, மேலத்தெரு, கதவு எண் இன்னும் போடவில்லை. 20.06.2024 வியாழக்கிழமை காலை 11.15 மணிக்குத் தானாக நிலையத்துக்கு வந்து சார்பு ஆய்வாளர் முன்பு சொல்லி, அவர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் ஆறு நாட்களாகக் குடியிருந்து வருகிறேன். சென்ற 14.06.2024 வெள்ளிக்கிழமை காலை பாசனச் சானல் பாலத்தில் நடந்த டிராக்டர் டிரெய்லர் விபத்து சம்பந்தமாக அன்றைக்கே சம்பவ இடத்தில் வைத்து நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில், டிராக்டர் ஓட்டிய தடிக்காரன்கோணத்தைச் சேர்ந்த ரதீஷ், வயது 27 என்பவர், வேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டினார் என்றும், ஏற்றிய சாமான்களைச் சரிபார்க்கவில்லை என்றும் சொல்லியிருந்தேன். அது சரியல்ல. ரதீஷுக்கு மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது. அவர் பேரில் வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் சான்றிதழ் இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் அந்தக் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். நான் சொன்ன சொல்லால் வழக்கு வந்து, வழக்கால் சான்றிதழ் நின்றுபோய்விட்டது. இது எனக்கு முந்தாநாள்தான் தெரியும். அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன். சுருக்கமாகச் சொல்லும்படி சார்பு ஆய்வாளர் கேட்டுக்கொண்டார். சுருக்கமாகச் சொன்னதால்தான் போன தடவை இந்த வினை வந்தது என்று நான் சொன்னேன்.

நான் ஓய்வு பெற்றதால் தோட்டக் குடியிருப்பை ஜூன் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டியிருந்தது. மயிலாடியில் என் கணவரின் பூர்வீக இடத்தில் பதினோரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு, கதவு ஜன்னல் மாட்டித் தயாராக இருந்தது. 14-ஆம் தேதி வைகாசியின் கடைசி வெள்ளி. அதை விட்டால் ஆனி, அடுத்து ஆடி, இந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் பால் காய்ச்ச மாட்டோம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும் என்பதால் பத்தரைக்குள் புது வீட்டுக்குள் நுழைந்துவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது நான் ஒருத்திதான் என்று என் கணவர் பக்கத்திலிருந்து சொல்கிறார். அவர் சாட்சிக்கு வந்திருக்கிறார், வாக்குமூலம் கொடுக்க வரவில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

புது வீட்டுக்குள் நுழைய எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. முதலில் குத்துவிளக்கும் நிறைகுடமும் போக வேண்டும். குடத்தை வழியில் எங்கும் தரையில் வைக்கக் கூடாது. அடுத்து உப்பு, அரிசி. அதன் பிறகு ஆட்டுரலும் அம்மியும். கல் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பீரோ, கட்டில் போன்ற இரும்புச் சாமான்கள் வாசலைத் தாண்டலாம். இரும்பு முந்தினால் வீட்டுக்கு வழக்கு வரும் என்று என் தாயார் சொல்வார். இதையும் எழுத வேண்டுமா என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். வழக்கு வந்திருக்கிறதா இல்லையா என்று நான் கேட்டேன். எழுதிக்கொண்டார்.

மேற்படி ஆட்டுரல் நான் பால்வெட்டு வேலைக்குச் சேர்ந்த வருடம் மயிலாடியில் வாங்கி, எஸ்டேட் பஸ்ஸில் ஏற்றிக் கீரிப்பாறைக்குக் கொண்டுபோனது. அதற்கு டிக்கெட் போடலாமா வேண்டாமா என்று கண்டக்டர் யோசித்து முடிப்பதற்குள் கீரிப்பாறை வந்துவிட்டது. எடை நூற்றிருபது கிலோ இருக்கும். வீட்டில் மின்சார கிரைண்டர் இருக்கிறது, அது வேறு. வீடு மாறும்போது உரலை விட்டுவிடலாம் என்று என் கணவர் ஒரு மாதமாகச் சொல்லி வந்தார். "ஏட்டி, மயிலாடிக்கா உரலு கொண்டு போற? அங்க தெருவுக்குத் தெரு கல்லு கொத்துதானுவ" என்று தினமும் ஒரு தடவை கேட்பார். மயிலாடியில் கல் ஆயிரம் இருக்கலாம், என் கைக்குப் பழகின கல் அது ஒன்றுதான் என்று நானும் தினமும் ஒரு தடவை பதில் சொல்லி வந்தேன்.

எங்கள் குடியிருப்புப் பாதையில் மழைக்காலத்தில் லாரி ஏறாது என்பதால் ரதீஷின் டிராக்டரையும் இரண்டு சக்கர டிரெய்லரையும் பேசி வைத்திருந்தோம். சம்பவ நாள் காலை ஐந்தரைக்கு ரதீஷ் வந்தார். கூட இரண்டு சுமட்டுக்காரர்கள் பைக்கில் வந்தார்கள். சாமான்களை நுழைய வேண்டிய முறைப்படி ஏற்ற வேண்டும், முதலில் இறங்க வேண்டியது கடைசியில், அதாவது டிரெய்லரின் வால் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அப்படிப் பார்த்தால் உரல், அம்மி, அரிசி டிரம் மூன்றும் வால் பக்கம் வரும். மெத்தை, தலையணை, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் முன்பக்கம் போகும்.

ரதீஷ் மறுத்துவிட்டார். "மாமி, டெய்லருக்க மூக்குல கனம் இருக்கணும். வாலுல கனம் ஏறிச்சின்னா மூக்கு மேல தூக்கும், பின்ன வண்டி நம்ம சொல்லு கேக்காது" என்று சொன்னார். கல்லுக்கு முன்னால் இரும்பு இறங்கிவிடுமே என்று நான் சொன்னதற்கு, "இரும்ப இறக்கி வெளிய வெச்சிருவோம். உரல உள்ள கொண்டு போனபொறவு எடுப்போம். அதுக்கு என்ன இப்போ?" என்றார். இது நியாயமான யோசனை. எனக்குத் தோன்றவில்லையே என்று அப்போது வருத்தமாக இருந்தது.

அதன் பிறகு அவர் உரலையும் அரிசி டிரம்மையும் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வைத்து, பீரோவைப் படுக்கப் போட்டு, லேசான சாமான்களைப் பின்னால் அடுக்கி, டிரெய்லரின் மூக்கைக் கையால் தூக்கிப் பார்த்துக் கனம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, டிராக்டரில் கோர்த்து, ஆணி போட்டு, ஆணிக்குக் கிளிப் மாட்டி, அதற்கும் மேல் ஒரு சங்கிலியால் டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்துக் கட்டினார். அதன் பிறகு டயர்களில் காற்றுப் பார்த்து, கயிறு குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, தார்ப்பாய் போட்டு, பின்னால் சிவப்புத் துணி கட்டி, டிரெய்லரில் ஒருத்தரும் ஏறக் கூடாது என்று சொன்னார். நானும் என் கணவரும் அபினேஷ் என்பவரின் ஆட்டோவில் நிறைகுடத்துடன் ஏறிக்கொண்டோம். குடம் என் மடியில் இருந்தது. காலை 7.20 மணிக்குப் புறப்பட்டோம்.

ரதீஷ் வண்டியை வேகமாக ஓட்டினார் என்று நான் முன்பு சொன்னது பொய். கீரிப்பாறையிலிருந்து இறக்கம் முழுவதும் சின்ன கியரிலேயே, பேறுகாலப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது போல ஓட்டினார். புறப்பட்டு இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் நிறுத்தி இறங்கிக் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டினார். என்னத்துக்கு என்று கேட்டதற்கு, லோடு ஓட ஓட அமுங்கும், கயிறு தளரும் என்று சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் அகலமாக எடுத்துத் திரும்பினார். ஒரு மாடு எங்களை முந்திப் போனது. நேரம் போகிறதே என்ற வெப்ராளம் எனக்குப் பொறுக்கவில்லை. இதற்குள் மயிலாடியில் பாலும் அடுப்புமாகக் காத்திருந்த என் மகள் அஸ்வதி மூன்று தடவை போன் செய்து, "எம்மா, எங்க வந்திருக்கிய? அடுப்பு பத்தவைக்கட்டா?" என்று கேட்டாள்.

காலை 8.20 மணிக்குத் தடிக்காரன்கோணம் வந்தோம். அங்கே ஒரு கடையில் நிறுத்தி எல்லோரும் டீ குடித்தோம். டீயில் சீனி அதிகம். அதன் பிறகு 8.45 மணிக்குப் புறப்பட்டோம். அதன் பிறகு அழகியபாண்டியபுரம் வழியாகச் சானல் பாலத்துக்கு வந்தோம்.

என் கணவர் இந்த இடத்தில் இருமினார்.

ஒரு டீ குடிக்க இருபத்தைந்து நிமிடம் எதற்கு என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். டீ சூடாக இருந்தது என்று சொன்னேன். என் கணவர் மறுபடி இருமினார். நான் தண்ணீர் கேட்டேன். பெண் காவலர் கொடுத்தார். குடித்துவிட்டு, மேலே எழுதிய டீ விஷயத்தைக் கீழ்க்கண்டவாறு விரித்துச் சொல்கிறேன்.

டீக்கடையில் ரதீஷுக்கு ஒரு போன் வந்தது. மஸ்கட் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் பேசுகிறார் என்று சொல்லி, சத்தம் குறைவான இடம் பார்த்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடிக்குப் போனார். அப்போது நான் கணக்குப் பார்த்தேன். மயிலாடி போய்ச் சேரப் பத்து மணி தாண்டும். அதன் பிறகு பீரோவையும் கட்டிலையும் இறக்கி வைத்துவிட்டு உரலை எடுப்பதென்றால் அரை மணி நேரம். உரல் வாசலுக்கு வரும்போது ராகுகாலமும் வாசலுக்கு வந்துவிடும். இவ்வளவு வருடம் காத்திருந்து கட்டிய வீட்டில் இரும்பு முந்துவதா, ராகு முந்துவதா என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதன் பிறகு நான் சுமட்டுக்காரர்கள் இருவரையும் கூப்பிட்டு, டிரெய்லரின் பக்கப் பலகையைத் திறந்து உரலையும் அம்மியையும் அரிசி டிரம்மையும் இறக்கி, பின்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து, வாலில் பலகையை ஒட்டி ஏற்றி, பின்னாலிருந்த மெத்தை தலையணைகளை முன்னால் கொண்டுபோய்த் திணிக்கும்படி சொன்னேன். ஓனர் கேட்டால் என்ன சொல்ல என்று அவர்கள் கேட்டார்கள். சாமானுக்கு ஓனர் நான்தான் என்று சொன்னேன். ஆட்டோக்காரரும் ஒரு கை கொடுத்தார். "ஏட்டி, அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிட்டுச் செய்யி" என்று என் கணவர் சொன்னார். நீங்கள் டீயைக் குடியுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் குடித்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. வாலில் ஏற்றிய உரல் ஆடியது. கட்டுவதற்குக் கயிறு மிச்சமில்லை. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் அந்தச் சங்கிலி ஒரு வேலையும் செய்யாமல் சும்மா தொங்கிக்கொண்டு கிடந்தது. ஆணிதான் இழுக்கிறது, பிறகு சங்கிலி என்னத்துக்கு என்று நான் நினைத்தேன். அதைக் கழற்றி எடுத்து, உரலின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்பலகையோடு சேர்த்துப் பூட்டும்படி சொன்னேன். கட்டு மிகவும் உறுதியாக இருந்தது. அதன் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினோம்.

அதன் பிறகு ரதீஷ் போன் பேசிவிட்டு வந்தார். முகம் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் சரியாயிற்று, இனி போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி என்று என்னிடம்தான் முதலில் சொன்னார். அதன் பிறகு வழக்கம்போல வண்டியைச் சுற்றிப் பார்க்க டிரெய்லரின் பின்பக்கம் நடந்தார். நான் குடத்துடன் குறுக்கே போய் நின்று, "நான் பாத்தாச்சு மக்கா, எல்லாம் நல்லா இருக்கு. நேரமாச்சு, ஏறு" என்று சொன்னேன். மாமி சொன்னால் சரிதான் என்று அவர் ஏறிக்கொண்டார். அவர் சரிபார்க்கவில்லை என்று நான் முன்பு சொன்னதற்கு உண்மையான விவரம் இதுதான். பார்க்க வந்தவரை நான்தான் தடுத்தேன்.

அதன் பிறகு வண்டி நடந்தது நடையாக இல்லை. பின்னால் ஆட்டோவிலிருந்து பார்க்கும்போது டிரெய்லரின் வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ரதீஷ் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். ஓரத்தில் நிறுத்தக் கைகாட்டினார். நான் ஆட்டோவிலிருந்து வெளியே தலை நீட்டி, போ, போ என்று கை காட்டினேன்.

காலை 9.10 மணியளவில் சானல் பாலத்துக்கு வந்தோம். அந்தப் பாலம் நடுவில் உயர்ந்தது, ஏறி இறங்க வேண்டும். டிராக்டர் பாலத்தின் உச்சிக்கு ஏறும்போது டிரெய்லரின் வால் கீழே அமுங்கியது, மூக்கு மேலே கிளம்பியது. ஒரு சத்தம் கேட்டது. கிளிப் தெறித்து, ஆணி தானாக எழும்பி வெளியே வந்துவிட்டது. இது நடந்தால் வண்டியைப் பிடித்து நிறுத்தத்தான் அந்தச் சங்கிலி என்று அப்போது எனக்கு விளங்கியது. சங்கிலி உரலின் இடுப்பில் இருந்தது.

அதன் பிறகு டிரெய்லர் மூக்கை வானத்தில் நீட்டிக்கொண்டு பின்னோக்கி எங்களைப் பார்த்து உருண்டு வந்தது. ஆட்டோக்காரர் அபினேஷ் ரிவர்ஸ் கியர் போட்டார். ஆட்டோ முன்னால் போகும்போது இல்லாத வேகத்தில் பின்னால் போனது. அதன் பிறகு டிரெய்லரின் பின்பலகை பிய்ந்து, அரிசி டிரம்மும் அம்மியும் விழுந்தன, அதன் பிறகு உரல் இறங்கியது. நான் கட்டிய கட்டு அப்போதும் அவிழவில்லை. பலகைதான் கழன்றதே தவிர உரலும் பலகையும் பிரியவில்லை. வாலில் இருந்த கனம் போனதும் டிரெய்லரின் மூக்கு கீழே இறங்கி ரோட்டில் குத்தி, டிரெய்லர் நின்றுவிட்டது. உரல் நிற்கவில்லை. பலகையைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு, பெரிய சத்தத்துடன் இறக்கத்தில் உருண்டு வந்தது. நாங்கள் சுமார் நூறு மீட்டர் பின்னோக்கிப் போனோம், உரலும் கூடவே வந்தது. ரோட்டோரக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "மயிலாடிக்குக் கொண்டு போண்டாம்னு சொன்னேனே, அது தானா திரும்பிப் போவுது பாரு" என்று என் கணவர் சொன்னார். அந்த நேரத்திலும் நான் குடத்தைக் கீழே வைக்கவில்லை. பாதித் தண்ணீர் அவர் மேல் கொட்டியது. அது தற்செயலாக நடந்தது.

ஆட்டோ ஓரமாக ஒதுங்கியதும் உரல் எங்களைத் தாண்டிப் போனது. எங்களுக்குப் பின்னால் மரியான், வயது 61, என்பவர் ஸ்கூட்டரில் சாளை மீன் விற்றுக்கொண்டு வந்திருந்தார். உரல் வருவதைப் பார்த்ததும் அவர் ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு, ரோட்டோரமாக ஓடும் சானலில் குதித்தார். அதில் அவருக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. உரல் போய் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தில் முட்டி நின்றது. மீன் கூடை சரிந்தது. பாலத்திலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் ரோடு முழுக்க எங்கள் அரிசி. வயல் பக்கமிருந்து ஒரு வாத்துக் கூட்டம் ஏறி வந்து அரிசியைத் தின்ன ஆரம்பித்தது, அதனால் இரண்டு பக்கமும் பஸ் நின்றது.

ரதீஷ் டிராக்டரை நிறுத்திக் குதித்து ஓடி வந்து, முதலில் டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வைத்தார். அதன் பிறகு சானலில் இறங்கி மரியானைத் தூக்கிக் கரையேற்றினார். அதன் பிறகு எங்களிடம் வந்து எங்களுக்கு அடி ஏதும் பட்டதா என்று கேட்டார். அதன் பிறகு அபினேஷின் ஆட்டோவில் மரியானை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதன் பிறகுதான் அவர் உரல் கிடந்த இடத்துக்குப் போனார். குனிந்து சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது அவருடைய சங்கிலி. அதன் பிறகு என்னைப் பார்த்தார்.

அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. கூட்டமும் சேர்ந்துவிட்டது. மயிலாடிக்கு உரல் போகிறதாம் என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மணி பத்தரை தாண்டி ராகுகாலம் தொடங்கியிருந்தது. அஸ்வதி ஐந்தாவது தடவையாகப் போன் செய்து, பால் திரைந்துவிட்டது என்று சொன்னாள். அந்த நேரத்தில் எப்படி நடந்தது என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது, அதைவிட அவமானம். நான் ரதீஷைக் கைகாட்டி, இவன்தான் காரணம் என்று சொன்னேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். சங்கிலி அப்போதும் அவர் கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன், அவர் மூடிக்கொண்டார்.

அதன் பிறகு சாமான்கள் வேறு வண்டியில் வந்தன. பன்னிரண்டு மணிக்கு மேல் கால் குடம் தண்ணீருடன் வீட்டுக்குள் நுழைந்தோம். சாமான்களில் இரும்புக்கு முன்னால் போனது கல்தான்.

சென்ற 18.06.2024 செவ்வாய்க்கிழமை மதியம் ரதீஷ் மயிலாடியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு சாக்கு இருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கதவருகே நின்றுகொண்டேன். சாக்கை இறக்கி அதிலிருந்து உரலின் குழவியை வெளியே எடுத்தார். விபத்தில் குழவி தெறித்துப் போனதை நாங்கள் கவனிக்கவே இல்லை. அவர் சானலில் இறங்கித் தேடி எடுத்து, இரண்டு பஸ் மாறித் தோளில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். "இது இல்லாம எப்பிடி மாமி அரைப்பிய?" என்று மட்டும் சொன்னார். அஸ்வதி டீ போட்டுக் கொடுத்து, எப்போது மஸ்கட் போகிறீர்கள் என்று கேட்டாள். வழக்கு இருப்பதால் சான்றிதழ் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள், 25-ஆம் தேதிக்கு மேல் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொள்ளும் என்று சாதாரணமாகச் சொன்னார்.

போலீஸிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நான் அவரிடம் கேட்டேன். "பால்காய்ச்சு நாளு மாமி. எல்லாரும் களியாக்கிச் சிரிச்சிட்டு நிக்காவ. அதுக்க இடையில நானும் ஒண்ணு சொல்லணுமா?" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தோசைக்கு அரிசியை உரலில் போட்டேன். குழவியைப் பிடித்தேன், சுற்றக் கை வரவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். நான் அழுவதை என் கணவர் பார்த்ததில்லை என்பதால் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். போலீஸுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். அதற்கு அவர் இன்னும் பயந்துவிட்டார்.

எனவே நான் தெரிவிப்பது என்னவென்றால், மேற்படி விபத்துக்கு ரதீஷ் எந்த விதத்திலும் காரணமல்ல. கனத்தை வாலுக்கு மாற்றியது நான். சங்கிலியைக் கழற்றச் சொன்னது நான். பார்க்க வந்தவரைத் தடுத்தது நான். நிறுத்தப் போனவரைப் போகச் சொன்னது நான். போதும், ஒரு தடவை சொன்னால் போதும் என்று சார்பு ஆய்வாளர் சொன்னார். நான்கு தடவை செய்ததை நான்கு தடவை சொல்ல வேண்டும் என்று சொன்னேன்.

இப்படிச் சொன்னால் ரதீஷின் பெயரை நீக்க எழுதலாம், ஆனால் வழக்கு உங்கள் பேருக்கு மாறக்கூடும், யோசித்துச் சொல்லுங்கள் என்று சார்பு ஆய்வாளர் கூறினார். மாறினால் மாறட்டும். நான் எந்த நாட்டுக்கும் போக வேண்டியதில்லை. நான் போக வேண்டிய வீட்டுக்குப் போய்விட்டேன். 25-ஆம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது, அதனால் இந்தத் தாளை இன்றைக்கே மேலே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அனுப்பும்வரை இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னேன். இன்றைக்கே அனுப்புவதாகச் சார்பு ஆய்வாளர் உடனே ஒப்புக்கொண்டார்.

இதில் உள்ளது எல்லாம் நான் என் வாயால், யாரும் சொல்லித்தராமல், நடந்தது நடந்தபடி சொன்னது. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. இதன் நகல் ஒன்றை ரதீஷுக்குக் கொடுக்க வேண்டும். என் கணவரும் தனக்கு ஒரு நகல் வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் நான் தப்பு செய்தேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவையாம், கண்ணாடிச் சட்டம் போட்டுப் புது வீட்டு முன்னறையில் மாட்டப் போகிறாராம். அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

(ஒப்பம்) தாணம்மாள்

சாட்சி: (ஒப்பம்) சுயம்புலிங்கம்